மேலுக்குச் சுகமில்லை!

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் தென்காசி டாக்டர்களுக்கும் சீசன் தொடங்கிவிட்டது என்றே அர்த்தம். ஆனி பிறந்து ஆவணி கழியும் வரையில் பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய அருவியிலும் தலையைக் கொடுப்பதற்காக ஊர் ஊராக ஜனங்கள் வந்து இறங்குகிறார்கள். பாறையில் வழுக்கி விழுந்தவர், எண்ணெய் தேய்த்துக்கொண்டு மணிக்கணக்காக அருவியில் நின்று நடுங்கியவர், பிரானூர் பார்டர் புரோட்டாவை அளவுக்கு மீறி ருசித்தவர், எல்லோருமே கடைசியில் வந்து சேரும் இடம் ஆஸ்பத்திரி வாசல்தான்.

அருவி எல்லோரையும் ஒரே மாதிரிதான் அடிக்கிறது. டாக்டருக்கு எதிரே போய் உட்கார்ந்த பிறகுதான் ஆளுக்கு ஆள் வித்தியாசம் தெரிகிறது. சென்னையிலிருந்து வந்தவர், "கோல்டு" என்கிறார். மதுரைக்காரர், "சளி பிடித்திருக்கிறது" என்கிறார். ஆரியங்காவு கணவாயைத் தாண்டி வந்த மலையாளி, "ஜலதோஷம்" என்கிறார். பக்கத்து மேலகரத்து ஆச்சியோ, "தடுமம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறாள்.

மூக்கு ஒழுகுவதற்கு நாலு பெயர் இருப்பதால் யாருடைய உயிரும் போய்விடாது. ஆனால், எல்லா வியாதியும் மூக்கு ஒழுகுவது அல்லவே!

திருநெல்வேலிச் சீமையில் "மேல்" என்றால் உடம்பு. "மேலுக்குச் சுகமில்லை" என்றால் உடம்பு சரியில்லை. "மேலெல்லாம் வலிக்கு" என்று ஒரு கிழவர் சொன்னால், வேற்றூரிலிருந்து பயிற்சிக்கு வந்த இளைஞர், "மேலே என்றால், தலையா?" என்று கேட்கக்கூடும். "குறுக்கு" என்றால் இடுப்புக்குப் பின்புறம். "சடவா இருக்கு" என்றால் அசதி. "ஓங்கரிக்கு" என்றால் வாந்தி வருவது போல் குமட்டுகிறது. "முழுகாமல் இருக்கா" என்றால், குளிக்காமல் இருக்கிறாள் என்று பொருள் இல்லை. கர்ப்பமாக இருக்கிறாள் என்று பொருள். இத்தனையும் தமிழ்தான். தமிழ் தெரிந்த டாக்டருக்கே தமிழ் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் வேடிக்கை.

வேடிக்கை எந்த இடத்தில் விபரீதமாகிறது என்பதற்கு ஒரு நிலைமையை எடுத்துக்கொள்ளலாம். அறுபத்தைந்து வயது ஆச்சி. சர்க்கரை வியாதி உண்டு. விடியற்காலையிலிருந்து வியர்த்துக் கொட்டுகிறது. மகன் அழைத்து வருகிறான். "நெஞ்சு வலிக்கிறதா, பாட்டி?" என்று கேட்கிறார் இளம் டாக்டர். "வலியெல்லாம் இல்ல, ஐயா" என்கிறாள் ஆச்சி. அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கு வலி இல்லைதான். "நெஞ்சுல அம்மிய ஏத்தி வச்சாப்ல இருக்கு. வாய்வு புடிச்சிருக்கும்" என்று அடுத்தாற்போல் சொல்லக் காத்திருக்கிறாள். ஆனால் அதற்குள் டாக்டரின் பேனா "வலி இல்லை" என்று எழுதிவிட்டு வயிற்றுக்குப் போய்விட்டது!

பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் மாரடைப்பு வரும்போது, புத்தகத்தில் எழுதியிருக்கும் 'நெஞ்சு வலி' வராமலே போவதுண்டு. பாரம், மூச்சு முட்டல், வியர்வை, குமட்டல் என்று அது வேறு வேஷங்களில் வரும். மருத்துவ உலகம் நன்கு அறிந்த உண்மை இது. தமிழுக்கோ இது முன்னமே தெரிந்திருக்கிறது போலும். இந்த நோய்க்கு மாரடைப்பு என்றுதான் பெயர் வழங்குகிறதே தவிர, மார்வலி என்று எவரும் சொல்லவில்லையே!

பாடமாக வந்த பேச்சு

நோயாளியிடம் எப்படிப் பேசுவது, அவர் சொல்வதை எப்படிக் கேட்பது என்பதையெல்லாம் நெடுங்காலமாகப் பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் தனிப் பாடமாக வைத்ததில்லை. பெரிய டாக்டர் வார்டில் சுற்றி வருவார். பின்னால் மாணவர் கூட்டம் வரும். அவர் தன்மையாகப் பேசினால் மாணவர்களும் தன்மையைக் கற்றுக்கொண்டார்கள். அவர் எரிந்து விழுந்தால் அதையும் சிரத்தையாகக் கற்றுக்கொண்டார்கள்.

2019-ஆம் ஆண்டில் இந்த நிலை மாறியது. அவ்வாண்டு எம்.பி.பி.எஸ். வகுப்பில் சேர்ந்த மாணவர்கள் முதற்கொண்டு, இந்தியா முழுவதற்கும் புதிய பாடத்திட்டம் அமலுக்கு வந்தது. மனப்பாங்கு, ஒழுக்கநெறி, பேச்சுத் தொடர்பு ஆகிய மூன்றையும் சேர்த்து, அவற்றின் ஆங்கில முதலெழுத்துக்களால் 'ஏட்காம்' என்று பெயரிட்டு, 27 பாடப் பகுதிகளை இந்திய மருத்துவக் கவுன்சில் வகுத்துக் கொடுத்தது. நர்ஸிங் படிப்புக்கு 2021-ல் திருத்தியமைக்கப்பட்ட பாடத்திட்டத்திலும் பேச்சுத் தொடர்புக்கு இடம் உண்டு.

அந்த 27 பகுதிகளின் தலைப்புகளே சுவாரஸ்யமானவை. முதலாவது, டாக்டராக இருப்பது என்றால் என்ன என்பது. இரண்டாவது, நோயாளியாக இருப்பது என்றால் என்ன என்பது. முதல் வருஷத்தின் கடைசிப் பகுதி, அறுத்துப் படிக்கும் பிணமே மாணவனின் முதல் ஆசிரியர் என்பதைப் பற்றியது. பேசாத அந்த ஆசிரியரிடம் மரியாதை கற்றுக்கொண்டவர்கள்தாம் பேசுகிற நோயாளியிடம் போகவேண்டும் என்பது திட்டம்.

அதே 2019-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் தேதி தென்காசி தனி மாவட்டமாயிற்று. மாவட்டம் பிறந்ததே தவிர, அரசாங்க மருத்துவக் கல்லூரி கூடவே பிறக்கவில்லை. ஆகவே, தென்காசியில் முடியாத சிகிச்சைக்குப் பாளையங்கோட்டை 'ஹைகிரவுண்டு'தான் கதி. 1965-ல் தோன்றிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரியை இந்தப் பக்கத்து ஜனங்கள் அந்தப் பெயரால்தான் அறிவார்கள். "ஹைகிரவுண்டுக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க" என்று ஒரு வீட்டில் சொன்னால், அந்த வீட்டில் அன்று அடுப்பு எரியாது.

பதினெட்டு விநாடி

நோயாளி சொல்வதை டாக்டர்கள் எவ்வளவு நேரம் கேட்கிறார்கள்? அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கெல் என்ற இருவர் இதை அளந்து பார்த்து 1984-ல் வெளியிட்டார்கள். 74 நோயாளிகள் டாக்டரைப் பார்த்த சம்பாஷணைகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்ததில், நோயாளி வாய் திறந்து சராசரி 18 விநாடியில் டாக்டர் குறுக்கிட்டுவிடுகிறார் என்று தெரிந்தது. தாம் சொல்ல வந்ததை முழுவதும் சொல்லி முடித்தவர்கள் நூற்றுக்கு 23 பேர்தான்.

"விட்டால் பேசிக்கொண்டே இருப்பார்கள், ஐயா! நேரத்துக்கு எங்கே போவது?" என்பது உடனே வரும் பதில். சுவிட்ஸர்லாந்து தேசத்து பாஸல் நகரில் இதையும் சோதித்துவிட்டார்கள். நோயாளி தாமாக நிறுத்தும் வரையில் டாக்டர் குறுக்கே பேசக்கூடாது என்று ஏற்பாடு. கடியாரம் ஓடிற்று. 335 நோயாளிகளைக் கவனித்து 2002-ல் வெளியிட்ட முடிவு இது: சராசரியாக அவர்கள் பேசியது 92 விநாடி. பத்துப் பேரில் ஏறக்குறைய எட்டுப் பேர் இரண்டு நிமிஷத்துக்குள் தாமாகவே முடித்துவிட்டார்கள். ஐந்து நிமிஷத்துக்கு மேல் பேசியவர்கள் ஏழே பேர். அவர்கள் பேசியதும் அவசியமான விஷயந்தான் என்று டாக்டர்களே ஒப்புக்கொண்டார்கள்.

ஆனால் பாஸல் நகரத்துக் கணக்கைத் தென்காசியில் அப்படியே போட்டுப் பார்ப்பது நியாயமில்லை. 67 நாடுகளின் விவரங்களைத் திரட்டி 2017-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியின்படி, ஸ்வீடனில் ஒரு நோயாளிக்கு டாக்டர் செலவிடும் நேரம் 22 நிமிஷத்துக்கு மேல்; வங்காள தேசத்தில் 48 விநாடி; இந்தியாவில் ஏறக்குறைய 2 நிமிஷம். மொத்தமே இரண்டு நிமிஷம் என்றால், அதில் 92 விநாடியை எடுத்து நோயாளி கையில் கொடுத்துவிட்டு, மீதி 28 விநாடியில் நாடி பார்த்து, மருந்து எழுதி, அடுத்தவரைக் கூப்பிட வேண்டும்! காலை எட்டு மணிக்கே சீட்டு வாங்க வரிசை நிற்கும் சர்க்கார் ஆஸ்பத்திரியில், கூட்டத்தைக் குறைக்க வழி செய்யாமல் டாக்டரின் குணத்தை மட்டும் திருத்தச் சொல்வது, தண்ணீர் விடாமல் நாற்றை வையும் காரியம்.

அப்படியானால் கற்றுக்கொள்ள ஒன்றுமே இல்லையா? உண்டு. இரண்டு நிமிஷத்தில் எந்தக் கேள்வியைக் கேட்பது என்பது கற்றுக்கொள்ளக் கூடியதுதான். "நெஞ்சு வலிக்கிறதா?" என்று கேட்டால் ஆம், இல்லை என்ற இரண்டில் ஒன்றுதான் வரும். "நெஞ்சுக்கு என்ன செய்யுது, ஆச்சி?" என்று கேட்டால் அம்மிக்கல் வெளியே வந்துவிடும். இதற்கு ஆகும் நேரம் அதிகம் ஒன்றும் இல்லை.

நோட்டுப் புத்தகத்தில் மூன்று கேள்வி

சரி, இந்தக் கேள்வி வித்தையை எப்படிப் பழக்குவது? அனுபவம் வந்தால் தானே வந்துவிடும் என்பார்கள். வராது. ஒரே தவறை இருபது வருஷம் செய்துவிட்டு அதை இருபது வருஷ அனுபவம் என்று சொல்லிக்கொள்பவர்கள் எல்லாத் தொழிலிலும் இருக்கிறார்கள். நடந்ததைத் திரும்பிப் பார்த்தால்தான் அனுபவம் பாடமாகிறது. இதைத்தான் டொனால்ட் ஷோன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1983-ல் எழுதிய புத்தகத்தில் விரிவாகச் சொன்னார். செய்துகொண்டிருக்கும்போதே யோசிப்பது ஒன்று, செய்து முடித்த பின் யோசிப்பது மற்றொன்று என்று அவர் பிரித்துக் காட்டினார்.

புதிய பாடத்திட்டத்தின்படி மருத்துவ மாணவர் இப்படித் திரும்பிப் பார்ப்பதை எழுதி வைக்க வேண்டும். அதற்குப் பல கல்லூரிகளில் பயன்படும் சூத்திரம் மிக எளியது: என்ன நடந்தது? அதனால் என்ன? இனி என்ன? இந்த மூன்று கேள்விகளும் டாக்டர்களுக்காகப் பிறந்தவையே அல்ல. டெர்ரி போர்ட்டன் என்ற அமெரிக்க ஆசிரியர் 1970-ல் பள்ளிக்கூடக் கல்வியைப் பற்றி எழுதிய புத்தகத்தில் வந்தவை. நர்ஸுகள் அவற்றை எடுத்துக்கொண்டார்கள். பிறகு டாக்டர்களுக்கும் வந்து சேர்ந்தன.

தென்காசி வட்டாரத்துக்கே உரிய ஓர் உதாரணத்தைப் பார்க்கலாம். ஆலங்குளம், கடையம், பாவூர்சத்திரம் பக்கங்களில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் திண்ணையில் பீடித்தட்டோடு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். அப்படி ஓர் அம்மாள் இருமலுக்காக வருகிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். பயிற்சி டாக்டர் வெளியூர்க்காரர்; வரிசையோ நீளம். "பீடிப் பழக்கம் உண்டா?" என்று கேட்கிறார். "ஆமா சார், சின்னப் பிள்ளையில இருந்தே பழக்கம்" என்கிறாள் அந்த அம்மாள். டாக்டர் முகம் சுளித்துக்கொண்டு, "புகைப்பவர்" என்று எழுதிவிட்டு, "முதலில் பீடியை விட வேண்டும்" என்று உத்தரவு போடுகிறார். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பீடியை விட்டால் சோற்றுக்கு என்ன செய்வது? "ஒரு நாளைக்கு எத்தனை?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டிருந்தால், "எழுநூறு" என்று பதில் வந்திருக்கும். அப்போதாவது குட்டு வெளிப்பட்டிருக்கும்! அவள் வாழ்நாளில் ஒரு பீடியைப் பற்றவைத்ததில்லை. சுற்றித்தான் பழக்கம்.

இதை நோட்டில் எழுத உட்காருகிறார் அந்த இளைஞர். என்ன நடந்தது? கேள்வியில் இருந்த 'பழக்கம்' அவருக்கு ஒரு பொருளும் அவளுக்கு ஒரு பொருளுமாக இருந்தது. அதனால் என்ன? புகையிலைத் தூளை நாள் முழுவதும் சுவாசிப்பதால் இருமல் வந்திருக்குமோ என்று யோசிக்காமல் போயிற்று. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைக் காசநோய்க்காகப் பரிசோதிக்க வேண்டும் என்ற எண்ணமும், 'பீடிதான் காரணம்' என்ற அவசர முடிவில் அடிபட்டுப் போயிற்று. போதாக்குறைக்கு, ஒழுங்காக உழைத்துப் பிழைக்கும் ஒரு பெண்ணை நாலு பேர் முன்னிலையில் பீடி குடிப்பவளாக்கியாயிற்று. அவள் மறுபடி அந்தப் படி ஏறுவாளா? இனி என்ன? "என்ன வேலை செய்றீங்க, அம்மா?" என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டும்.

இவ்வளவுதான் விஷயம். எழுதுவதற்குப் பத்து நிமிஷம் ஆகும். ஆனால், இதை எழுதிப் பார்த்த டாக்டர் ஆயுள் முழுவதும் எந்த நோயாளியிடமும் தொழிலைக் கேட்காமல் விடமாட்டார். எழுதாதவர் மறுவாரமே இன்னோர் அம்மாளைப் பீடி குடிக்க வைப்பார்.

லண்டனில் ஒரு வட்டத்தொட்டி

தனியாக உட்கார்ந்து எழுதுவதைவிட, நாலு பேர் கூடிப் பேசினால் இன்னும் தெளிவு பிறக்கும். மைக்கேல் பாலின்ட் என்பவர் ஹங்கேரி நாட்டில் பிறந்த மனோதத்துவ வைத்தியர். 1950-களின் தொடக்கத்தில் அவர் லண்டனில் சாதாரணக் குடும்ப டாக்டர்கள் சிலரை வாரந்தோறும் வட்டமாக உட்கார வைத்தார். ஒவ்வொருவரும் தம்மைத் தொந்தரவு செய்யும் ஒரு நோயாளியைப் பற்றிப் பேச வேண்டும். வியாதியைப் பற்றி அல்ல. அந்த நோயாளியைப் பார்த்தால் தமக்கு ஏன் எரிச்சல் வருகிறது, ஏன் பயம் வருகிறது என்பதைப் பற்றி. 1957-ல் பாலின்ட் எழுதிய நூலில் முக்கியமாகச் சொன்ன கருத்து, வைத்தியத்தில் மிக அதிகமாகப் பிரயோகமாகும் மருந்து டாக்டர்தான் என்பது. அந்த மருந்தை எந்த அளவில் கொடுப்பது, அதிகமானால் என்ன கெடுதல் என்பது மட்டும் எந்தப் புத்தகத்திலும் இல்லை!

வட்டமாக உட்கார்ந்து பேசுவது நெல்லைச் சீமைக்குப் புதிதல்ல. ரசிகமணி டி.கே.சி. வண்ணாரப்பேட்டை வீட்டில் நடத்திய வட்டத்தொட்டியைத் தமிழ் உலகம் அறியும். பிற்காலத்தில் அவர் குற்றாலத்தில் வசித்தபோதும் அந்தச் சபை ஓயவில்லை. 1954-ல் அவர் மறையும் வரை நடந்தது. அங்கே ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, அதில் ஒரு சொல் ஏன் அந்த இடத்தில் விழுந்தது என்று மணிக்கணக்காகப் பேசினார்கள். பாலின்ட் கூட்டத்தில் நோயாளி சொன்ன ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு அதையே செய்தார்கள். பாட்டைக் கேட்கத் தெரிந்தவனுக்கு ஆச்சியின் அம்மிக்கல்லும் கேட்கும் என்று நம்புவதில் தவறில்லை.

ஏடு நிறைகிறது, பயம் குறையவில்லை

நோட்டுப் புத்தகத்தைப் பற்றி இத்தனை நல்லது சொன்ன பிறகு, அதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடக்கூடாது.

எதற்கும் மார்க்கு உண்டு என்றால், எதையும் மனப்பாடம் செய்யலாம் என்பது மாணவர் உலகத்தின் பழைய தர்மம். மனம் விட்டு எழுத வேண்டிய ஏட்டை, பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி சிநேகிதன் ஏட்டைப் பார்த்து நிரப்பும் சாமர்த்தியசாலிகள் எங்கே இல்லை? "நோயாளியின் துன்பம் என் உள்ளத்தை உருக்கியது" என்று முப்பது ஏடுகளில் ஒரே உள்ளம் உருகியிருந்தால், அதைத் திருத்தும் பேராசிரியர் என்ன செய்வார், பாவம்! அவருக்கும் வார்டு இருக்கிறது, வகுப்பு இருக்கிறது.

இதைவிடப் பெரிய தடை பயம். இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்து ஆஸ்பத்திரியில் 2011-ல் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் இறந்துபோனான். அன்று வேலையிலிருந்த ஹதீஸா பாவா-கார்பா என்ற இளம் டாக்டர் மீது வழக்கு நடந்து, 2015-ல் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. 2018 ஜனவரியில் அவருடைய பெயர் டாக்டர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. அதே வருஷம் ஆகஸ்டில் அப்பீலில் திரும்பச் சேர்க்கப்பட்டது. இதற்கிடையே, அவர் பயிற்சிக்காகத் தம் தவறுகளைப் பற்றி எழுதிவைத்த குறிப்புகளையே அவருக்கு எதிராகக் கோர்ட்டில் காட்டினார்கள் என்று ஒரு பேச்சுப் பரவியது. அந்தக் குறிப்புகள் ஜூரிகளின் முன் சாட்சியமாக வைக்கப்படவில்லை என்று பிற்பாடு விளக்கம் வந்தது. ஆனால் விளக்கம் வருவதற்குள் பயம் ஊரைச் சுற்றிவிட்டது. "உண்மையை எழுதினால் தலைக்கு வினை" என்று டாக்டர்கள் பலர் பேனாவை மூடினார்கள்.

இந்திய மாணவருக்கும் இந்தச் சங்கடம் உண்டு. திருத்தும் கை எதுவோ, மார்க்குப் போடும் கையும் அதுவே. தன் பிழையை அதே கையிடம் ஒப்படைக்க எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? ஏட்டைப் படிப்பவர் ஒருவராகவும் மார்க்குப் போடுபவர் வேறொருவராகவும் இருந்தால் பாதிப் பொய் குறையும்.

சம்மதக் கையெழுத்தின் கதையும் பயத்தோடு சம்பந்தப்பட்டதுதான். டில்லியில் 1995-ல் பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்ட ஒரு பெண், கண் விழித்தபோது கருப்பை அகற்றப்பட்டிருந்தது. உள்ளே நோய் தெரிந்ததால், வெளியே காத்திருந்த தாயாரிடம் சம்மதம் வாங்கி டாக்டர் ஆபரேஷனை முடித்துவிட்டார். சமீரா கோலி வழக்கு எனப்படும் இதில், 2008 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் ஆபரேஷனுக்குச் செல்லாது; உயிருக்கு உடனே ஆபத்து இல்லாதபோது, வயது வந்த பெண்ணுக்காகத் தாயார் சம்மதிக்கவும் முடியாது என்று. நோயாளிக்குப் புரியும்படி சொல்லிச் சம்மதம் பெறுவது டாக்டரின் தயவு அல்ல, கடமை என்பது அதிலிருந்து சட்டமாகவே நிலைபெற்றது. இருந்தும், "இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று விரலை மட்டும் காட்டும் வழக்கம் எல்லா இடத்திலும் ஒழிந்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

பேச்சு அறுந்த இடத்தில் சில வேளை ரத்தமும் சிந்துகிறது. 2024 நவம்பர் 13-ஆம் தேதி சென்னை கிண்டி அரசு ஆஸ்பத்திரியில், புற்றுநோயாளி ஒருவரின் மகன், சிகிச்சை செய்த டாக்டரையே கத்தியால் குத்தினான். நல்லபடியாகப் பேசியிருந்தால் இப்படி நேர்ந்திராது என்று குத்துப்பட்டவர் மேலேயே பழி போடுவது அபாண்டம். கத்திக்குக் கத்தி எடுத்தவனே பொறுப்பாளி. ஆனால் தாங்க முடியாத சேதியை ஒரு குடும்பத்துக்கு எப்படிச் சொல்வது, கோபத்தோடு வருபவரை எப்படி உட்கார வைப்பது என்பவற்றை ஒருவரும் சொல்லித் தராமல் இளம் டாக்டர்களை வார்டில் நிறுத்துவது எந்த விதத்தில் நியாயம்?

ஐம்பத்தைந்து கிலோமீட்டர்

டாக்டர் நோயாளியிடம் பேசுவது ஒரு பாதி. ஆஸ்பத்திரிக்குள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வது மறுபாதி. தென்காசியிலிருந்து ஹைகிரவுண்டு ஏறத்தாழ 55 கிலோமீட்டர். அவசர நோயாளியை ஏற்றிக்கொண்டு 108 வண்டி புறப்படும்போது, கூடவே ஒரு துண்டுச் சீட்டும் போகிறது. அதில் "மேல் சிகிச்சைக்கு" என்று மட்டும் இருந்தால், அங்கே வாங்கிக்கொள்ளும் டாக்டர் எல்லாவற்றையும் ஆதியிலிருந்து தொடங்க வேண்டும். என்ன மருந்து, எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள்? கூட வந்த மகனுக்குத் தெரிந்தது, "ஏதோ ஊசி போட்டாங்க" என்பதுதான்.

இதற்கு ஒரு சுலபமான உபாயத்தை அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து வைத்தியர்கள் இரவல் வாங்கினார்கள். கைசர் பெர்மனெண்டே என்ற அமெரிக்க மருத்துவ ஸ்தாபனம் 2000-க்குப் பிறகு அதை ஆஸ்பத்திரிக்கு ஏற்றபடி மாற்றிப் பரப்பியது. நாலே வாக்கியம். இப்போது நிலைமை என்ன? இதற்கு முன் நடந்தது என்ன? என்னவாக இருக்கும் என்று நினைக்கிறேன்? உங்களிடமிருந்து எனக்கு வேண்டியது என்ன? ராத்திரி இரண்டு மணிக்குப் பெரிய டாக்டரைத் தூக்கத்திலிருந்து எழுப்ப வேண்டிய இளம் நர்ஸுக்கு இந்த நாலு வாக்கியம் பெரிய தைரியம். "சார், அந்தப் பன்னிரண்டாம் பெட்டுக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்று தயங்கித் தயங்கிச் சொல்வதற்கும், "மூச்சு நிமிஷத்துக்கு முப்பதைத் தாண்டிவிட்டது, நீங்கள் உடனே வர வேண்டும்" என்று சொல்வதற்கும் நடுவில் ஒரு உயிர் இருக்கிறது. மூன்றாவது வாக்கியந்தான் கஷ்டம். தன் அபிப்பிராயத்தைப் பெரியவரிடம் சொல்ல நர்ஸுக்கு இடம் கொடுக்கும் வாக்கியம் அது. நம் நாட்டு வார்டுகளில் அதற்கு இன்னும் கொஞ்சம் பழக வேண்டும், இரண்டு தரப்பாரும்.

தமிழில் படித்த டாக்டர்கள்

இத்தனைக்கும் நடுவே ஒரு பழைய சங்கதி நினைவுக்கு வராமல் இராது. வைத்தியனும் நோயாளியும் ஒரே பாஷையில் பேச வேண்டும் என்பதற்காகத் தன் ஆயுளையே செலவிட்ட ஒரு டாக்டர் இருந்தார். அவர் தமிழர் அல்லர். தமிழ்நாட்டில் இருந்தவரும் அல்லர்.

சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற அமெரிக்கர் 1847-ல் யாழ்ப்பாணத்துக்கு வந்து, மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தி, உள்ளூர் இளைஞர்களுக்கு மேல்நாட்டு வைத்தியம் கற்றுக் கொடுத்தார். முதலில் இங்கிலீஷில்தான் கற்றுக் கொடுத்தார். படித்தவர்கள் நல்ல சம்பளத்தைத் தேடி ஊரை விட்டுப் போவதைக் கண்டார். ஊர் ஜனங்களோடு ஊரிலேயே இருக்கும் வைத்தியர்கள் வேண்டுமென்றால் ஊர்ப் பாஷையிலேயே படிக்க வேண்டும் என்று முடிவு செய்து, 1860-களில் போதனையைத் தமிழுக்கு மாற்றினார். புத்தகம் இல்லை என்றார்கள். அங்காதிபாதம், இரணவைத்தியம், கெமிஸ்தம் என்று பெயரிட்டுப் பெரிய பெரிய நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். அவரிடமும் அவர் மாணவர்களிடமும் படித்துத் தேறியவர்கள் அறுபதுக்கு மேல். 1873-ல் ஊர் திரும்பி, 1884-ல் காலமானார். அமெரிக்காவில் வூஸ்டர் நகரத்துக் கல்லறையில், தமிழருக்கு வைத்திய ஊழியர் என்று பொருள்படும்படி அவர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது.

கிறீன் காலத்தோடு அந்த முயற்சி நின்றுவிட்டது. இன்றைய மருத்துவ மாணவர் நோயாளியிடம் தமிழில் கேட்டு, மனத்துக்குள் மொழிபெயர்த்து, இங்கிலீஷில் எழுதுகிறார். எழுதும் வழியில் எத்தனையோ உதிர்ந்துவிடுகிறது. இதில் ஆச்சரியம் என்னவென்றால், நோயாளியின் முக்கிய முறையீட்டை அவருடைய சொந்தச் சொற்களிலேயே குறிக்க வேண்டும் என்பது வைத்தியப் பாடப் புத்தகங்களின் மிகப் பழைய விதி. முதல் வருஷ வார்டு வகுப்பிலேயே அதைச் சொல்லித் தருகிறார்கள். சொந்தச் சொற்கள் என்றால், சொந்தப் பாஷையும் அதில் சேர்த்திதானே? அந்த முதல் வரியை மட்டுமாவது தமிழ் எழுத்தில் எழுதினால், ஹைகிரவுண்டில் அந்தச் சீட்டை வாங்கிப் பார்ப்பவரும் பெரும்பாலும் தமிழ் படித்தவராகத்தான் இருப்பார்.

கேஸ் ஷீட்டில் அதற்கென்று விட்டிருக்கும் இடம் ஒன்றும் பெரிதல்ல. ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு வரி. "நெஞ்சுல அம்மிய ஏத்தி வச்சாப்ல இருக்கு" என்பது அதில் தாராளமாக அடங்கும்.